உலகின் முதல் 2 வீத விஞ்ஞானிகள்: அந்தப் பட்டியல் எதை அளக்கிறது?

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். உலகின் முதல் 2 வீத விஞ்ஞானிகள் பட்டியலில் தமிழர் ஒருவரின் பெயர் வந்திருப்பதாக முகநூலில் பரவிய செய்தியை ஒரு மாணவி காட்டினாள்.

“இதுவும் ஐலண்ட் ராங்க் மாதிரியோ சேர்? விஞ்ஞானிகளுக்கும் சோதனை வைக்கிறவையோ?”

நல்ல கேள்வி. சோதனை ஏதும் இல்லை. எண்ணப்படுவது மேற்கோள்கள். ஒருவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையை வேறு ஆய்வாளர்கள் தமது கட்டுரைகளில் எத்தனை தடவை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை.

இதில் அதிகம் பேசப்படுவது எச் சுட்டெண். 2005ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹேர்ஷ் இதை முன்வைத்தார். ஒருவரின் ஐந்து கட்டுரைகள் முறையே 40, 18, 9, 4, 1 மேற்கோள்களைப் பெற்றிருந்தால் அவரது சுட்டெண் 4. அதாவது குறைந்தது நான்கு மேற்கோள்கள் பெற்ற நான்கு கட்டுரைகள் அவரிடம் உள்ளன. ஒரு கட்டுரை மட்டும் ஆயிரம் மேற்கோள் பெற்றாலும் இந்த எண் உயராது.

இந்தக் குறையை ஈடுசெய்யவே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் அயோனிடிசும் அவரது குழுவினரும் 2019இல் புதிய பட்டியலை வெளியிட்டனர். மொத்த மேற்கோள்கள், எச் சுட்டெண், கூட்டாக எழுதியோரின் எண்ணிக்கைக்கேற்பத் திருத்திய சுட்டெண் ஆகியவற்றோடு, தனி ஆசிரியராகவும் முதல் ஆசிரியராகவும் இறுதி ஆசிரியராகவும் எழுதிய கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களும் சேர்ந்து ஆறு அளவீடுகள் ஒரே புள்ளியாக்கப்படுகின்றன. தரவுகள் எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் தளத்திலிருந்து எடுக்கப்படுகின்றன.

மருத்துவத்தில் மேற்கோள்கள் குவியும், கணிதத்தில் அப்படியல்ல. ஆகவே விஞ்ஞானம் 22 துறைகளாகவும் 174 உபதுறைகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. ஒட்டுமொத்தமாக முதல் ஒரு இலட்சத்துக்குள் வருவோரும், தமது உபதுறையில் முதல் 2 வீதத்துக்குள் வருவோரும் பட்டியலில் இடம்பெறுகின்றனர். பாடங்களுக்கிடையிலான வேறுபாட்டைச் சரிசெய்ய எங்கள் பிள்ளைகளுக்கு இசட் புள்ளி போடுவதோடு இதனை ஒப்பிடலாம்.

ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் பல்கலைக்கழக அனுமதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு போன்ற வசதி குறைந்த மாவட்டங்களுக்கென 5 வீத ஒதுக்கீடு இருக்கிறது. விஞ்ஞானிகளின் பட்டியலில் அப்படி எதுவும் கிடையாது. ஆய்வுகூடம் இல்லாத ஆண்டுகளும், மின்சாரம் இல்லாத ஆண்டுகளும், இடம்பெயர்ந்து திரிந்த ஆண்டுகளும் அங்கே வெறும் பூச்சியம்.

என்னோடு படித்த நண்பர் ஒருவர் யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று அளவை அளந்து வந்தார். சுண்ணக்கல் நிலத்தில் உரமும் மலக்குழிக் கழிவும் நிலத்தடி நீரோடு இலகுவில் கலந்துவிடும் என்பதால் குடிநீருக்கு அது முக்கியமான வேலை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அவரது குறிப்பேடுகள் எல்லாம் போய்விட்டன. பின்னர் அவர் கிணறு கிணறாகப் போய் சனங்களுக்குத் தமிழில் விளக்கம் சொன்னார். அவர் சொல்லி எத்தனையோ வீடுகளில் மலக்குழி கிணற்றை விட்டுத் தள்ளி வெட்டப்பட்டது. அந்த வேலைக்கு ஒரு மேற்கோளும் இல்லை.

வசதியான நாடுகளிலும் இந்த எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 2013இல் நோபல் பரிசு பெற்ற பீற்றர் ஹிக்ஸ், மிகக் குறைவாகவே கட்டுரை எழுதியவர். இன்றைய அளவுகோலில் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திராது என்று அவரே கூறியிருக்கிறார். ஆளை ஆள் மேற்கோள் காட்டி எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வோரும் உண்டு.

அதற்காகப் பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதில் எங்கள் பிள்ளை ஒன்றின் பெயர் வந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். செய்தியைப் பகிர முன்னர் மூன்று விடயங்களைப் பாருங்கள். முழு வாழ்நாள் பட்டியலா, ஓர் ஆண்டுப் பட்டியலா? எந்த உபதுறையில் எத்தனையாம் இடம்? தன்னைத் தானே மேற்கோள் காட்டியவற்றை நீக்கிய பின்னரும் அந்த இடம் நிலைக்கிறதா? தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் யாரும் சரிபார்க்கலாம்.

அந்த மாணவிக்கும் இதையே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அந்தக் கிணத்துக் கணக்கைத் திரும்ப எடுக்கேலாதோ சேர்?” என்று கேட்டாள்.

எடுக்கலாம். கிணறுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.