உயிர்ப் பதிவேட்டில் ஒரு பெயர்

எங்கள் சுரண்டை வீட்டில் ஆச்சியின் தகரப் பெட்டிக்குள் ஓர் அட்டை இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அம்மா பதிவு செய்ததற்கான அடையாள அட்டை. 1985 ஆகஸ்டில் பதிந்தது. பின்பக்கத்தில் புதுப்பித்த தேதிகளுக்கான கட்டங்கள். முதல் கட்டத்தில் 1988க்கான முத்திரை. 1991க்கான கட்டம் காலி.

அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 1991 ஆகஸ்டில் நான் பிறந்தேன்.

வேலை தேடுவதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேலை கிடைத்தவர்களின் வரலாற்றைத்தான் எழுதுகிறார்கள். முதல் பெண் மருத்துவர், முதல் பெண் நீதிபதி, முதல் பெண் ஆட்சியர் என்று பட்டியல் போடுகிறோம். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஆனால் அரசாங்கத்திடம் அவர்களுக்கென்று ஒரு பதிவேடு உண்டு. அதற்குப் பெயர் உயிர்ப் பதிவேடு. புதுப்பிக்கும்வரை பெயருக்கு உயிர் இருக்கும். புதுப்பிக்காவிட்டால் பெயர் போய்விடும்.

இந்தப் பதிவேடு யாருக்காக உருவானது என்று பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில், 1945இல், படையிலிருந்து விடுவிக்கப்படும் சிப்பாய்களுக்கு வேலை தேடித் தரத்தான் இந்தியாவில் வேலைவாய்ப்பு அலுவலகங்களைத் திறந்தார்கள். பிரிவினைக்குப் பின் அகதிகளுக்கும், பிறகு எல்லோருக்கும் அவை பொதுவாயின. 1956 நவம்பர் 1 முதல் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. 1959இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். காலிப் பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்த அலுவலகம் அனுப்புகிற ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. தெரிவிப்பதுதான் கட்டாயம், எடுப்பது அல்ல.

ஊர் திரும்பிய சிப்பாய்க்கு ஒரு முகவரி இருந்தது. அது மாறாது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர் போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். அவர் பெயருக்கு வருகிற கடிதம் அவர் வீட்டுக்கே வரும். இந்த ஏற்பாட்டில் பெண்ணைத் தடுக்கிற விதி எதுவுமில்லை. ஆனால் ஒரே வீடு, ஒரே ஊர், இடையில் முறியாத ஒரு வாழ்க்கை ஆகியவற்றை அது எதிர்பார்த்தது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு வாழ்க்கை அமைந்தது?

அம்மா பிளஸ் டூ முடித்து, இடைநிலை ஆசிரியர் பயிற்சியும் முடித்தவள். அப்போது தென்காசி தனி மாவட்டமில்லை. பதிவு செய்யத் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். தாத்தாவோடு பஸ்ஸில் போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் பதிவு மூப்புதான் அன்று அடிப்படை. யார் முன்னால் பதிந்தார்களோ அவர்களுக்கு முதலில் அழைப்பு. பரிந்துரைக்கு ஆள் வேண்டாம், நேர்காணலில் சாதியும் நிறமும் பார்க்கிறவர்களுக்குப் பயப்பட வேண்டாம், காத்திருந்தால் போதும். ஏழை வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய நம்பிக்கை. அந்த முறையைக் குறை சொல்கிற யாரும் இதை மறந்துவிடக் கூடாது.

காத்திருந்த காலத்தில் அம்மா சும்மா இருக்கவில்லை. பீடி சுற்றினாள். இலையை நனைத்து, தகட்டை வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. எங்கள் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு பார்க்கக்கூடிய காட்சி. 1966இலேயே பீடித் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் "என்ன வேலை பாக்க?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். ஒரு பதிவேட்டில் வேலையில்லாதவள், திண்ணையில் நாளுக்கு ஆயிரம் பீடி. அம்மா இரண்டுமாக இருந்தாள்.

பகல் பதினொன்றரைக்குத் தபால்காரர் வருவார். ஆச்சி சொல்வாள்: "அவரு சைக்கிள் மணி கேட்டா ஒங்கம்மா கையில நூலு நிக்கும்." ஒன்றும் கேட்க மாட்டாளாம். அவர் தெருவைத் தாண்டியதும் மறுபடி நூல் சுற்றத் தொடங்குவாளாம்.

1989இல் அம்மாவுக்குக் கல்யாணம். ராஜபாளையத்துக்குப் போனாள். அதே ஆண்டில்தான் தமிழக அரசு தன் வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு கொடுத்தது. செய்தித்தாளில் படித்த ஞாபகம் அம்மாவுக்கு இருக்கிறது. ஆனால் அட்டை சுரண்டையில், ஆச்சியின் பெட்டியில். முகவரி மாறினால் பதிவைப் புது மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. அதற்கு ஒருநாள் வெளியே போக வேண்டும். புது மருமகள் எந்தக் காரணத்தைச் சொல்லிப் போவாள்? "லெட்டர் வந்தா அப்பா சொல்லுவாகன்னு நெனச்சேன்" என்பாள். தாத்தாவோ, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. அட்டை ஒரு வீட்டிலும் ஆள் இன்னொரு வீட்டிலுமாக இரண்டு வருடம் கழிந்தது.

தலைப்பிரசவத்துக்குச் சுரண்டைக்கு வந்தபோது அட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. புதுப்பிக்க வேண்டிய மாதத்தில் நான் பிறந்தேன். அம்மாவுக்கு நினைவு வந்தபோது கெடு தாண்டிவிட்டது. புதிதாகப் பதிந்தாள். ஆறு வருட மூப்பு போயிற்று. தவறியவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிக்கும். அது அவள் காதுக்கு எட்டியதில்லை.

எத்தனை பெண்களின் அட்டையில் இப்படி ஒரு கட்டம் காலியாக இருக்கும்? கல்யாணமும் பிரசவமும் வருகிற வயதும், மூப்புக்காகக் காத்திருக்கிற வயதும் ஒன்றுதான். பதிவேட்டில் "புதுப்பிக்கவில்லை" என்று மட்டும் இருக்கும். ஏன் என்று எழுத அதில் இடமில்லை.

கடிதம் வந்து சேர்ந்த பெண்களின் கதையையும் இங்கே பார்க்க வேண்டும். 1951ஆம் ஆண்டுத் தொகுதியில் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வாகிச் சென்னை மாகாணத்துக்கு வந்தவர் அன்னா ராஜம். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனையோடு அவருக்கு நியமன ஆணை கொடுத்தார்கள். வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரியான சி.பி. முத்தம்மா, அந்தப் பணியில் பெண்கள் திருமணத்துக்கு அனுமதி கேட்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் சேர்ந்த நீரா மாத்தூரிடம் உறுதிமொழிப் படிவத்தில் மாதவிடாய் பற்றியும் கருத்தரித்தல் பற்றியும் கேள்விகள் கேட்கப்பட்டன. அவரை வேலையிலிருந்து நீக்கியது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அது 1991 அக்டோபரில். அம்மாவின் கட்டம் காலியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

டெல்லி அதிகாரிக்கும் சுரண்டையில் பீடி சுற்றியவளுக்கும் நடுவே பெரிய தூரம் உண்டு. வர்க்கமும் சாதியும் அந்தத் தூரத்தைப் போட்டிருக்கின்றன. ஆனால் இருவரையும் பார்த்து அமைப்பு கேட்டது ஒரே கேள்விதான்: கல்யாணம் ஆனால் என்ன செய்வாய்? அங்கே அதைக் கடிதத்தில் எழுதிக் கேட்டார்கள். இங்கே எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பதிவு மூப்பின் காலமும் முடிவுக்கு வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலை மட்டும் பார்க்காமல் பொது அறிவிப்பும் கொடுக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலை 12. அம்மாவுக்கு வயது 47. நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம். வாசலில் கைக்குழந்தைகளோடு பாட்டிமார் நின்றார்கள். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதிய அந்தத் தேர்வில் 2,448 பேர்தான் தேறினார்கள். அம்மா தேறவில்லை.

2013 ஆகஸ்டில் மறுபடி எழுதினாள். 84 மதிப்பெண். தேற 90 வேண்டும். 2014 பிப்ரவரியில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 போதும் என்று அரசு தளர்த்தியது. அம்மா தேறினாள். வீட்டில் பாயசம் வைத்தோம். ஆனால் பணி நியமனத்துக்கு வெயிட்டேஜ் முறை இருந்தது. தகுதித் தேர்வோடு பிளஸ் டூ மதிப்பெண்ணையும் பயிற்சி மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மதிப்பெண்ணைக் கறாராகப் போட்ட எண்பதுகளில் படித்தவர்கள், புதிதாகப் படித்து வந்தவர்களுக்குப் பின்னால் போனார்கள். காத்திருந்த வருடங்களுக்கு அந்தக் கணக்கில் மதிப்பெண் கிடையாது. 2018இல் அந்த முறையும் போய், தனிப் போட்டித் தேர்வு வரும் என்றார்கள். அப்போது அம்மாவுக்கு 53.

விசாரித்துக்கொண்டே இருப்பதும் ஒரு வேலைதான். மனு எழுதுவது, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்பது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது, பதில் வந்ததா என்று மறுபடி பார்ப்பது. இதற்குப் பஸ் காசு வேண்டும், லீவு வேண்டும், "எதுக்கு இத்தனை தடவை போற?" என்று கேட்காத வீடு வேண்டும். நான் விண்ணப்பித்த ஒரு தனியார் கல்லூரிக்கு நாலு முறை போன் செய்தேன். நாலாவது முறை, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார்கள். ஆகவில்லை என்றேன். "ஆனப்புறம் வேலைய விட்டுருவீங்களே" என்றார்கள். அந்த இடம் எனக்கு இல்லை என்று இன்றுவரை யாரும் எழுதிச் சொல்லவில்லை.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. பதிவு இப்போது இணையத்தில். சமீப ஆண்டுகளின் உயிர்ப் பதிவேட்டில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். போன வருடம் தம்பி மனைவிக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தோம். கைபேசி எண் கேட்டது. "அவங்க நம்பரையே போடுங்க, எனக்கு அடிக்கடி ரீசார்ஜ் இருக்காது" என்றாள். தம்பி எண்ணைத் தட்டப் போனேன்.

அடுக்களையிலிருந்து அம்மா வெளியே வந்தாள்.

"ஏட்டி, அவ நம்பரப் போடு. ரீசார்ஜ் நான் பண்ணுதேன்."