மெழுகுப் பேணியும் மாறிப்போன வர்ணமும்

2020 மார்ச் மாதத்தில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் இலங்கையில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஐந்து வருடங்களாகக் காத்திருந்தவர்களில் என் சகோதரியின் மகனும் ஒருவர். ஒருவாறு வங்கிக் கடனும் கைச் சேமிப்புமாக ஒரு புதுக் காரை வாங்கிவிட்டார். கறுப்பு நிறம். வாங்கிய அன்றே பிள்ளையார் கோவிலடிக்குக் கொண்டுபோய், சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, முன்மூடியில் சந்தனமும் குங்குமமும் சாத்தி வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை என்னிடம் கேட்டார்: "மாமா, இந்த வர்ணம் மங்காமலிருக்க என்ன செய்ய வேணும்? வெளியில் கழுவக் கொடுத்தால் கீறிப்போடுவார்கள் என்று சொல்கிறார்கள். வீட்டிலேயே செய்யலாமோ?"

செய்யலாம் என்றேன். என் தகப்பனார் தமது மொரிஸ் மைனருக்குச் செய்ததை அப்படியே சொன்னேன். முதலில் தேய்ப்புப் பசையைத் துணியில் தோய்த்து வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்க்க வேண்டும், பின்னர் மெழுகு பூசித் துலக்க வேண்டும். சொல்வதைச் செய்கிற பிள்ளை. காய்ந்துபோன சந்தனத்தையும் சேர்த்தே தேய்த்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்து, உச்சி வெயிலில் அந்தக் காரின் அருகில் நின்றபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. சிலந்தி வலை பின்னியது போல ஆயிரம் வட்டக் கீறல்கள். வர்ண வேலை செய்யும் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த முதியவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "புது வாகனத்தை இப்படித் தேய்க்கச் சொன்ன புண்ணியவான் யார்?" என்று கேட்டார். மருமகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

செய்தியை உறுதிப்படுத்தாமல் அச்சுக்கு அனுப்பாதே என்று இளைய நிருபர்களுக்குப் பல்லாண்டு காலம் உபதேசம் செய்தவன் நான். தகப்பனார் செய்தது பிழையா? அப்படியானால் அந்த மொரிஸ் மைனர் எப்படி இருபது வருடம் பளபளத்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததில் தெரிந்தது இதுதான்: தகப்பனார் செய்ததில் பிழையில்லை. அவர் தேய்த்த வர்ணம் வேறு, மருமகன் தேய்த்த வர்ணம் வேறு.

ஆரம்பகால மோட்டார் கார்கள் குதிரை வண்டிகளின் வாரிசுகள். வண்டிக்குப் பூசிய வர்ணத்தையே அவற்றுக்கும் பூசினார்கள். ஆளிவிதை எண்ணெயும் மரப்பிசினும் கலந்த வார்னிஷ் அது. தூரிகையால் ஒரு பூச்சுப் பூசி, அது உலரக் காத்திருந்து, நுரைக்கல் தூளும் நீரும் கொண்டு தேய்த்து மட்டமாக்கி, மறுபடியும் பூச வேண்டும். இப்படிப் பல பூச்சுகள். ஒரு காருக்கு வர்ணம் பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கார்களை ஆயிரக்கணக்கில் செய்ய முற்பட்ட தொழிற்சாலைகளுக்கு இந்தக் காத்திருப்பு பெருந்தொல்லை. ஹென்றி ஃபோர்ட்டின் மொடல் ரீ கார்கள் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வெளிவந்தன. கறுப்புப் பூச்சுகள் மலிவானவை, நின்றுபிடிப்பவை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

இதை மாற்றியது வெடிமருந்து. டூப்பொன்ட் நிறுவனம் முதலாம் உலக யுத்தத்தில் வெடிமருந்து செய்து பெருத்த நிறுவனம். பஞ்சை நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்துப் பெறும் நைத்திரோசெலுலோசுதான் அதன் மூலப்பொருள்களில் முக்கியமானது. சினிமாப் படச்சுருளும் அதே பொருளால்தான் அன்று செய்யப்பட்டது. நியூ ஜேர்சி மாநிலத்தின் பார்லின் என்ற இடத்திலிருந்த அந்த நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1920இல், கெட்டியாக இருக்க வேண்டிய நைத்திரோசெலுலோசுக் கரைசல் எதிர்பாராமல் இளகிப்போனது. இளகினால் அதில் நிறப்பொடியை அதிகம் கலக்கலாம், தூரிகையை விட்டுவிட்டு விசிறித் தெளிக்கலாம். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய சார்ள்ஸ் கெற்றரிங் வேகமாக உலரும் வர்ணத்துக்காக நச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. இரு நிறுவனங்களும் கூடி உருவாக்கிய 'டூகோ' என்ற வர்ணம், 1924ஆம் ஆண்டு மாதிரியான ஓக்லண்ட் காரில் நீல நிறத்தில் அறிமுகமானது. வாரங்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின. கறுப்பைத் தவிர மற்ற நிறங்களும் சாதாரண மக்களின் வீதிக்கு வந்தன.

ஆனால் டூகோவுக்கு ஒரு குறை. உலர்ந்ததும் மங்கலாகவே இருக்கும், தேய்த்துத்தான் பளபளப்பை வரவழைக்க வேண்டும். வெயிலும் மழையும் படப்பட மேற்பரப்பு சுண்ணாம்பு படிந்தது போல வெளிறும். அந்த வெளிறிய படையை நீக்கிவிட்டால் கீழே புதிய நிறம் இருக்கும். ஆகவே மென்மையான பசையால் தேய்த்து இறந்துபோன மேற்படையை அகற்றுவது, பின்னர் வெயிலும் நீரும் அண்டாதபடி மெழுகால் மூடுவது என்ற இரண்டு படிமுறை பிறந்தது. சிக்காகோவில் தோன்றிய சிமோனைஸ் நிறுவனம் சுத்தமாக்கும் பசைக்கு ஒன்று, மெழுகுக்கு ஒன்று என இரண்டு பேணிகளாகவே விற்றது. அந்தப் பெயர் ஆங்கில அகராதியில் ஒரு வினைச்சொல்லாகவே இடம்பிடித்தது. அதே சிக்காகோவில் 1940களில் பென் ஹேர்ஷ் என்பவர் தமது மெழுகை விற்ற விதம் சுவையானது. தரிப்பிடங்களில் நிற்கும் கார்களின் ஒரு பக்கத்தை மட்டும் துலக்கிவிட்டு, சொந்தக்காரர் திரும்பி வரும்வரை காத்திருப்பாராம். ஒரு பக்கம் மட்டும் மின்னும் காரை எவர்தான் ஓட்டிச் செல்வார்? பின்னாளில் 'ரேர்ட்டில் வக்ஸ்' என்று உலகெங்கும் அறியப்பட்டது அவருடைய நிறுவனம்தான்.

என் தகப்பனாரின் கைகளில் இருந்தது இந்த இரண்டு பேணி முறைதான். யாழ்ப்பாணத்தில் ஞாயிறு காலைகளில் வேப்பமர நிழலில் அந்தக் காரை நிறுத்தி, பழைய வேட்டித் துணியால் தேய்ப்பார். துணி பச்சையாகும், ஏனெனில் கார் பச்சை. காரின் நிறம் துணியில் இறங்குவதைப் பார்த்து, "முழுவதும் கழன்றுவிடாதா அப்பு?" என்று நான் கேட்டது நினைவிருக்கிறது. "அழுக்குப் போகுது, நிறம் கீழே இருக்கு" என்றார். அந்தக் காலத்து எனாமல் பூச்சுகளைப் பொறுத்தவரை அது முழு உண்மை. நிறம் பூச்சின் மேலிருந்து அடிவரை ஒரே மாதிரி ஊறியிருந்தது. அதை அவ்வளவு பேணியதற்கு வேறு காரணமும் இருந்தது. 1960களின் தொடக்கம் முதல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் புதிய கார்கள் நாட்டுக்குள் வருவது அரிதாகிவிட்டது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்படும்வரை, இருப்பதைக் காப்பாற்றுவதே வழி. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவையும் இந்த மொரிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும்தான். அவற்றில் எத்தனையின் உடலை ஞாயிற்றுக்கிழமை மெழுகு காத்ததோ யார் கண்டார்.

அந்த மெழுகைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனையோடு வாழ்ந்த நமக்கு அது அந்நியமல்ல. வடகிழக்கு பிரேசிலின் சியாரா, பியாவுயி முதலிய வறண்ட மாநிலங்களில் வளரும் கார்னோபா, பனையைப் போன்றே விசிறி ஓலை கொண்ட மரம். நாம் பனையைக் கற்பகதரு என்பதுபோல அங்குள்ளவர்கள் அதை வாழ்வின் மரம் என்கிறார்கள். கடும் வறட்சியில் ஈரத்தை இழக்காமலிருக்க அந்த மரம் தன் ஓலையின் மேல் மெழுகைச் சுரந்து மூடிக்கொள்கிறது. நீண்ட தடியின் நுனியில் கட்டிய அரிவாளால் ஓலையை வெட்டி, வெயிலில் காயவிட்டு, அடித்து உதிர்த்தால் மெழுகுப் பொடி விழும். தேன்மெழுகு ஏறத்தாழ 62 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். கார்னோபா உருகுவதற்கு 80 பாகைக்கு மேல் வேண்டும். கொளுத்தும் வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் தகட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் பெறுமதி விளங்கும். தனித்து அது கல்போல இறுகியது. ஆதலால் பேணிக்குள் இருப்பது எப்போதும் கரைப்பான்களும் மென்மையான பிற மெழுகுகளும் சேர்ந்த கலவைதான்.

இந்த மரத்தைத் தேடி 1935இல் அமெரிக்க மெழுகு வியாபாரி ஹேர்பேர்ட் ஜோன்சன், நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிகோர்ஸ்கி விமானத்தில் விஸ்கொன்சின் மாநிலத்திலிருந்து பிரேசிலுக்குப் பறந்தார். 1998இல் அவருடைய மகன் சாம் ஜோன்சன் அதே மாதிரியான விமானம் ஒன்றைச் செய்வித்து அந்தப் பயணத்தை மீண்டும் மேற்கொண்டார். அழகான கதை. ஆனால் ஓலை வெட்டியவனின் கதையை எவரும் விமானத்தில் ஏறிச் சொல்லவில்லை. கார்னோபாத் தோட்டங்களில் குடிநீரும் கழிப்பிடமும் இன்றி, அடிமைகளுக்கு ஒப்பான நிலையில் தொழிலாளர்கள் வைக்கப்பட்டிருந்ததை பிரேசில் அரசின் தொழில் பரிசோதகர்களே கண்டுபிடித்து மீட்டிருக்கிறார்கள். 2017இல் ஜெர்மன் தொலைக்காட்சி ஒன்று இதை வெளிக்கொண்டுவந்தபோதுதான் ஐரோப்பா சற்றுத் திடுக்கிட்டது. அதுவும் காருக்காக அல்ல. அதே மெழுகு இனிப்புகளின் மேலும் பூசப்படுவதால்.

இனி மருமகனின் காருக்கு வருவோம். 1970களில் ஐரோப்பாவிலும் 1980களில் அமெரிக்காவிலும் பரவிய முறையில் நிறமும் பளபளப்பும் தனித்தனிப் படைகளாகிவிட்டன. அடியில் துருத்தடுப்பு, அதன்மேல் முதற்பூச்சு, அதன்மேல் மெல்லிய நிறப்படை, எல்லாவற்றுக்கும் மேலே நிறமேயற்ற கண்ணாடி போன்ற தெளிபடை. தொழிற்சாலைச் சூளையில் சுமார் 140 பாகையில் சுடப்பட்டு இறுகிய படை அது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானங்களும் அதற்குள்ளேயே உண்டு. அதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன். நமது தலைமயிரை விட மெல்லியது. புதுக் காரில் தேய்த்து அகற்ற வேண்டிய இறந்த படை எதுவுமில்லை. தேய்ப்புப் பசை அகற்றுவது காவலாக நிற்கும் அந்தத் தெளிபடையையே. துணியில் நிறமும் இறங்காது, ஆகையால் எவ்வளவு போய்விட்டது என்பதும் தேய்ப்பவருக்குத் தெரியாது. தகப்பனாருக்கு இருந்த எச்சரிக்கை மருமகனுக்கு இருக்கவில்லை.

புது வர்ணத்துக்கு மூன்று மாதம் மெழுகு பூசக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். அது கராஜில் மறுபூச்சுப் பூசிய வாகனங்களுக்கான விதி. அங்கே குறைந்த சூட்டில் உலர்த்துவதால் கரைப்பான் ஆவியாகி வெளியேற அவகாசம் வேண்டும். சூளையில் சுட்டு வந்த காருக்கு அது பொருந்தாது, முதல் வாரத்திலேயே மெழுகு பூசலாம்.

பூசும் முன் கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கராஜ் முதியவர் சொல்லித் தந்ததை எழுதுகிறேன். நிழலில், தகடு குளிர்ந்த பின் தொடங்க வேண்டும். கையை வைக்குமுன் நிறையத் தண்ணீர் ஊற்றி மணலையும் தூசையும் இறக்கிவிட வேண்டும். வாகன ஷம்பூவைத்தான் பாவிக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் பழைய மெழுகைக் கரைத்துவிடும். இரண்டு வாளிகள் வேண்டும், ஒன்றில் சவர்க்கார நீர், மற்றதில் துணியை அலசுவதற்கு வெறும் நீர். கூரையிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும், சில்லுகளுக்கு வேறு துணி. நிலத்தில் விழுந்த துணியை எடுத்து மறுபடி தேய்ப்பது மணற்தாள் போடுவதற்குச் சமம். கழுவிய பின்னும் விரலில் நெருடுகிற புள்ளிகள் இருந்தால் களிமண் போன்ற ஒரு கட்டியை, வழுக்கும் நீர்மம் தெளித்து மெதுவாக உருட்ட வேண்டும். ஜப்பானியரான டடாவோ கடாட்டே 1990களில் காப்புரிமை பெற்ற முறை இது. பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி உலர்த்தி, மெழுகை மிக மெல்லிதாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்தால் போதும். அழுத்தவே கூடாது. கடலோரக் கொழும்பின் வெயிலிலும் உப்புக் காற்றிலும் மெழுகு சில வாரங்களே நிற்கும், ஆகவே அவ்வப்போது திரும்பப் பூச வேண்டும். சந்தனம், குங்குமம், காக எச்சம் மூன்றையும் காயவிடாமல் நீரில் ஊறவைத்து அகற்ற வேண்டும். பிள்ளையார் கோபிக்க மாட்டார் என்று அவரே சொன்னார்.

காரின் கீறல்களில் பெரும்பகுதியை அந்த முதியவர் இயந்திரத்தால் மிகச் சன்னமாகத் துலக்கி எடுத்துத் தந்தார். முன்மூடியின் ஓரத்தில் இரண்டு இடங்களில் மட்டும், "இதற்கு மேல் தொட்டால் நிறம் வெளியில் வந்துவிடும் ஐயா" என்று கைவிட்டுவிட்டார். அவை இன்றும் வெயிலில் தெரிகின்றன. செலவை நான் கொடுப்பதாகச் சொன்னேன், மருமகன் வாங்க மறுத்துவிட்டார். மிஞ்சிய தேய்ப்புப் பசைப் பேணியை மட்டும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, "மாமா, இது உங்களிடமே இருக்கட்டும்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். சுவாமி அறைப் பித்தளை விளக்குகள் இப்போது நன்றாக மின்னுகின்றன.