ஔவையார் எத்தனை பேர்?

நமது பாடசாலைகளில் ஏடு தொடங்கும் குழந்தை முதன்முதலிற் சந்திக்கும் புலவர் ஔவையாரே. கூனிய முதுகும், கையிற் கோலும், நெற்றியில் நீறுமாக ஒரு பாட்டியின் படம். அதன் அருகே ஆத்திசூடி. அந்த ஆத்திசூடியிலே, பெண்ணின் சொல்லைக் கேளாதே என்று அறிவுறுத்தும் ஓரடியும் உண்டு. அதனைப் பாடியவரும் ஒரு பெண்ணே என்று நாம் கற்பிக்கின்றோம். பெண்ணின் சொல்லைக் கேளாதே என்று ஒரு பெண் சொன்னால், அந்தச் சொல்லைக் கேட்பதா, விடுவதா? இந்தக் கேள்வியை நமது மாணாக்கர் கேட்பதில்லை. கேட்டால் விடை சொல்லத் தெரிந்த ஆசிரியரும் நம்மிற் சிலரே.

விடையைத் தேடுவோமாயின், ஔவை என்ற ஒரு பெயருக்குள்ளே பல பெண்கள் அடைபட்டுக் கிடப்பதைக் காண்போம்.

முதலாமவர் சங்க காலத்தவர். புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என 59 பாடல்கள் அவர் பெயரில் உள்ளன. சங்கப் பெண்பாற் புலவர்களுள் இத்தனை பாடல்கள் வேறெவர்க்கும் இல்லை. அவர் கிழவியாக இருந்தார் என்பதற்கு இப்பாடல்களிற் சான்று இல்லை. மாறாக, புறநானூற்று 89ஆம் பாடலில் பகையரசன் ஒருவன் அவரை அணிகலன்கள் பூண்ட, மைதீட்டிய கண்களையுடைய விறலி என்றே விளிக்கின்றான். விறலி என்பவள் ஆடியும் பாடியும் பிழைத்த பாணர் குலத்துப் பெண். உங்கள் நாட்டிற் போரிடுவார் உண்டோ என்று அவன் ஏளனமாக வினவ, மன்றிலே தொங்கும் முரசின் தோலிற் காற்று மோதினாலும் போர் வந்ததென்று மகிழும் தலைவன் எங்களிடம் உண்டு என்று அவள் பதில் கூறுகின்றாள்.

அந்தத் தலைவன் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர் இன்றைய தருமபுரி. நீண்ட ஆயுளைத் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது அவருக்கு ஈந்த செய்தி எல்லோரும் அறிந்தது. பலரும் அறியாதது, அவன் இறந்தபோது அவர் பாடிய 235ஆம் பாடல். கள் சிறிதளவே கிடைத்தால் முழுவதையும் எமக்குத் தருவான்; நிறையக் கிடைத்தால் நாம் பாடத் தானும் உடன் மகிழ்ந்து உண்பான் என்று அப்புலம்பல் தொடங்குகின்றது. மதுவருந்தி அரசனோடு சமமாக அமர்ந்து பாடிய இப்பெண்ணை நமது பாடப்புத்தகப் பாட்டி அடையாளம் கண்டுகொள்வாளா என்பது ஐயமே!

தொண்டைமானிடம் அவர் சென்றபோது பாடியதாக வரும் 95ஆம் பாடலின் நயம் வேறு. உன் படைக்கலங்கள் மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலுடன் அழகாக இருக்கின்றன. எம் தலைவனுடையனவோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலப் பழிக்கும் இந்தச் சாமர்த்தியம் அரசியல் அறிந்தவர்க்கே வரும். அதியமானே பரிசில் தராது காலந்தாழ்த்தியபோதும் அவர் கெஞ்சவில்லை. வாயிற் காவலனிடம் 206ஆம் பாடலைச் சொல்லிவிட்டுப் புறப்படுகின்றார். மரம் வெட்டும் தச்சனின் கைத்திறன் மிக்க பிள்ளைகள் கோடரியுடன் காட்டுக்குட் சென்றால் எப்பக்கமும் வேலை உண்டு. அதுபோல எமக்கும் எத்திசைச் சென்றாலும் அத்திசையிற் சோறு உண்டு என்பது அதன் பொருள். தம் புலமையைத் தெய்வத்தின் அருளென்று சொல்லாது, தச்சன் மக்களின் கைத்தொழிலோடு ஒப்பிட்ட இந்த ஓர் உவமைக்காகவே அவரை நாம் நம்மவர் என்று உரிமை கொண்டாடலாம்.

அகப்பாடல்களும் இத்தகைய துணிவுடையனவே. குறுந்தொகை 28இல், காதல் நோயில் வாடும் பெண்ணொருத்தி, தன் துயர் அறியாது உறங்கும் ஊரையே முட்டுவதா தாக்குவதா என்று கொதிக்கின்றாள். ஊரின் வாய்க்கு அஞ்சி ஒடுங்கிய குரலன்று அது.

இனிப் பிற்காலத்தவரைப் பார்ப்போம். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றைப் பாடியவர் சோழர் காலத்தவர், பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டினர் என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் அவரைத் தொடர்புபடுத்தும் கதைகள் ஏராளம். மூதுரை விநாயகர் வணக்கத்தோடு தொடங்குகின்றது. சங்கப் பாடல்களிலோ விநாயகர் வழிபாடே இல்லை. மூலாதாரம், குண்டலினி என்று யோகநெறி பேசும் விநாயகர் அகவலையும் ஔவை குறளையும் பாடியவர் இன்னொருவராகவோ இருவராகவோ இருத்தல் கூடும். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை சென்றபோது, விநாயகர் துதிக்கையால் தூக்கிவிட, அவர்களுக்கு முன்னே அங்கு சேர்ந்தவர் என்று புராணக்கதை கூறும் ஔவையையும் சேர்த்தால் தொகை இன்னும் கூடும். நாஞ்சில் நாட்டிலோ ஔவை ஒரு தெய்வம். அங்கே ஆடவரை அண்டவிடாது பெண்கள் மட்டும் கூடி ஔவையார் நோன்பு நோற்பர்.

இத்தனை பேரும் ஒருவரானது எப்படி? பெயரிலேயே அதற்கு இடமுண்டு. அவ்வை என்றால் தாய், மூதாட்டி. தெலுங்கிலும் கன்னடத்திலும் அவ்வ என்னும் சொல் இன்றும் வழங்குகின்றது. மதிப்புக்குரிய எந்தப் பெண்ணையும் இப்பெயரால் அழைக்கலாம். அழைத்தபின் பழையவளின் கதைகளும் அவளைச் சேர்ந்துவிடும். ஆண்களின் செயல்களுங்கூட அவ்வாறு சேர்ந்தன. பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு அரசரிடம் அலைந்தவர் கபிலர் என்பது புறநானூறு தரும் செய்தி. பாரிமகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீயிற் புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக் கூறும். பிற்காலக் கதையிலோ அம்மகளிர் அங்கவை, சங்கவை என்று பெயர் பெறுகின்றனர். மணம் முடித்து வைப்பவர் ஔவையாராகிவிடுகின்றார்!

அச்சும் இதற்குத் துணைபோயிற்று. சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டபோது புறநானூறு ஏட்டுச்சுவடியிலேதான் இருந்தது. உ. வே. சாமிநாதையர் அதனை 1894இல் அச்சிட்டார். நற்றிணையும் குறுந்தொகையும் 1915இலேதான் அச்சேறின. அதற்குள் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்யப்பட்டுவிட்டன. கள்ளுண்ட விறலி வெளிச்சத்துக்கு வந்தபோது, நீறணிந்த பாட்டி அவள் இருக்கையில் அமர்ந்திருந்தாள்.

பாட்டியை நாம் இகழ வரவில்லை. நாலைந்து சொற்களிற் குழந்தையின் நாவில் ஓர் எண்ணத்தை நிறுத்தும் ஆற்றல் எளியதன்று. இடுவோர், இடாதோர் என்ற இரண்டே சாதிகள்தாம் உண்டென்று நல்வழி துணிந்து சொன்னது, நிலமும் கோயிலும் சாதியும் ஒன்றையொன்று தாங்கி நின்ற சமுதாயத்தில். ஆனால் அதே நல்வழி வறுமையை முன்வினையின் பயனென்று ஏற்கச் செய்கின்றது. கொன்றைவேந்தனோ அறியாமையைப் பெண்ணின் ஆபரணம் என்கின்றது. இவற்றைச் சொன்னவர் இன்னார் என்று அறியாதிருந்தாற்கூட இத்துணைத் தீங்கு இல்லை. தமிழ் நாட்டின் தலைசிறந்த அறிவுடைய பெண்ணின் வாயிலிருந்தே இவை வந்தன என்று நம்பவைத்ததிலேதான் இந்தப் பெயர்க்கலப்பின் பயன் இருக்கின்றது. பெண்ணை அடக்க ஒரு பெண்ணின் பெயரே முத்திரையாயிற்று.

பாரதி இதனை நன்கு உணர்ந்தவர். ஔவையிடம் அளவற்ற மதிப்பு வைத்திருந்த அவரே புதிய ஆத்திசூடியும் பாடினார். பழையதில் தையலின் சொல் கேளாதே என்றிருக்க, அவரோ தையலை உயர்த்தச் சொன்னார். பாட்டியின் வடிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றிய செயல் அது.

படத்தை மாற்றுவதோ இன்னும் கடினமாயிற்று. 1953இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த ‘ஔவையார்’ திரைப்படத்தில், மணத்துக்கு அஞ்சிய இளம்பெண் விநாயகரை வேண்டி முதுமை பெறுகின்றாள், கே. பி. சுந்தராம்பாளின் கணீரென்ற குரலில் அந்த முதுமையே ஊரெங்கும் ஔவையாயிற்று. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுந்த சிலையும் கோலூன்றிய மூதாட்டியே. புறநானூற்று 89ஆம் பாடலின் விறலிக்கு நாம் அறிய இன்னும் ஒரு சிலை இல்லை. நமது வகுப்பறையிலாவது அந்தப் பாடலை ஆத்திசூடிக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.