நம்மாளுதான், ஆனா யாரோட ஆளு?

'வாரியம்' என்ற சொல்லை நாம் தினம் புழங்குகிறோம். மின்சார வாரியம், வீட்டுவசதி வாரியம், தூய்மைப் பணியாளர் நல வாரியம். தமிழ் எம்.ஏ. படிக்கப் போன இடத்தில்தான் இந்தச் சொல்லுக்கு ஆயிரம் வருசத்துக்கு மேல் வயசு என்பது எனக்குத் தெரிந்தது. உத்திரமேரூர் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வருகிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இதைத்தான் குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 2020ல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடியும் இந்த உத்திரமேரூரைச் சொல்லித்தான் பெருமைப்பட்டார்.

அந்தக் கல்வெட்டை முழுசாகப் படித்தால் வேறொன்று தெரியும். ஓலையில் பெயர் ஏற வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினர்களும் சேரக் கூடாது. இந்தக் கடைசி விதியை இன்றைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவு நல்ல விதி. ஆனால் அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலம். கேள்வி கேட்டவர்களும் அவர்களே, பதில் சொன்னவர்களும் அவர்களே. ஏரியை வெட்டியவனும் தோட்டத்தில் உழைத்தவனும் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

பதவிக்கு வருகிறவனைக் கேள்வி கேட்கும் பழக்கம் இந்த மண்ணில் இருந்தது. கேட்கிறவன் யார் என்பதில்தான் சாதி இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால், நம் காலத்து ஆணையங்களின் கதை நமக்குப் புரியாது.

*

ஆட்சிமன்றத்துக்குள் நாம் முதலில் நுழைந்தது நியமனத்தின் வழியாகத்தான். 1919 சட்டத்தின்படி அமைந்த சென்னை சட்டசபைக்கு எம்.சி. ராஜா 1920ல் நியமிக்கப்பட்டார். 1923ல் இரட்டைமலை சீனிவாசன். 1926ல் சுவாமி சகஜானந்தர். வாக்குரிமை சொத்து வைத்திருந்தவனுக்குத்தான் என்றிருந்த காலத்தில் நமக்கு வேறு வாசல் கிடையாது. நியமனம் என்பதாலேயே இவர்கள் கவர்னர் சொன்னதற்குத் தலையாட்டவில்லை. பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் யாருக்கும் தடையில்லை என்று 1924ல் சட்டசபையில் தீர்மானம் வந்தது இரட்டைமலை சீனிவாசனால்தான்.

ஆனாலும் நியமனத்தின் வலியை அம்பேத்கர் அப்போதே சொன்னார். அவரே பம்பாய் சட்டசபையின் நியமன உறுப்பினர். அப்படி இருந்துகொண்டே 1928ல் சைமன் கமிஷனிடம், எங்களுக்கு நியமனம் வேண்டாம், நாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று வாதாடினார். நாற்காலி கொடுத்தவன் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பது அவருக்குத் தெரியாததா?

1931ல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் அந்தக் கத்தி நம் பக்கமே திரும்பியது. இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அரசு நியமித்தவர்கள், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர் என்றார் காந்தி. தீண்டப்படாதவர்களின் பிரதிநிதி நான்தான் என்றும் சொன்னார். அம்பேத்கரையும் சீனிவாசனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். 'நீ யாரோட ஆளு?' என்ற கேள்வி நியாயமான கேள்விதான். நம்மை வாயடைக்க வைப்பதற்கும் அதே கேள்வியைத்தான் பயன்படுத்தினார்கள். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

*

சுதந்திரம் வந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜூன் மாதம் தேர்தல் ஆணையம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. ஷிபன் லால் சக்சேனா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தலைமைத் தேர்தல் ஆணையரைக் குடியரசுத் தலைவர் நியமித்தால் மட்டும் போதாது, இரு அவைகளும் கூட்டாக உட்கார்ந்து மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அந்தப் பெயரை உறுதி செய்ய வேண்டும் என்றார்.

ஜூன் 16 அன்று அம்பேத்கர் பதில் சொன்னார். தலித் அரசியல் பேசும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பதில் அது. பதவிக்காலத்தைப் பாதுகாத்து என்ன பயன், முட்டாளோ அயோக்கியனோ ஆட்சியாளரின் கைக்குள் இருப்பவனோ அந்த நாற்காலியில் வந்து உட்காருவதைத் தடுக்க நம் சட்டத்தில் எதுவும் இல்லையே என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அமெரிக்காவில் ஜனாதிபதி சொல்லும் பெயரை செனட் விசாரித்து ஒப்புதல் தருகிறது, அது நல்ல தடுப்புதான் என்கிறார். ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும், கட்சி அரசியல் நுழையும் என்று தயங்குகிறார். நடுவழியாக ஒன்றைச் சொல்கிறார். குடியரசுத் தலைவருக்கு ஓர் அறிவுறுத்தல் ஆவணம் கொடுக்கலாம், நியமனத்துக்கு முன் யாரைக் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று அதில் எழுதி வைக்கலாம் என்கிறார்.

அதே ஆண்டு அக்டோபரில் அந்த அறிவுறுத்தல் ஆவண யோசனையையே சபை கைவிட்டது. நல்ல மரபுகள் தானாக வளரும் என்று நம்பினார்கள். அமெரிக்க வழியும் இல்லை, நடுவழியும் இல்லை என்றானது. அம்பேத்கர் விரலை வைத்துக் காட்டிய ஓட்டை மட்டும் மிச்சமிருந்தது.

எழுபத்து மூன்று வருசம் கழித்து, 2023 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையைத் தொட்டது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து தேர்தல் ஆணையரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. டிசம்பரில் சட்டம் வந்தது. தலைமை நீதிபதி வெளியே போனார், பிரதமர் நியமிக்கும் ஒரு மத்திய அமைச்சர் உள்ளே வந்தார். மூன்றில் இரண்டு ஆள் யாரோட ஆளு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

*

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 338ஆம் பிரிவு ஆரம்பத்தில் நமக்காக ஒரு தனி அதிகாரியை மட்டும்தான் கொடுத்தது. 1978ல் அரசாணை மூலம் பல உறுப்பினர் கொண்ட கமிஷன் வந்தது. 1990ல் 65ஆவது திருத்தம் அதை அரசியல் சட்ட அமைப்பாக்கியது. 2003ல் 89ஆவது திருத்தம் பட்டியல் சாதிகளுக்கு ஒன்று, பழங்குடிகளுக்கு ஒன்று எனப் பிரித்தது. ஆணையத்தின் அறிக்கையை இரு அவைகளிலும் வைக்க வேண்டும், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அரசு குறிப்பும் சேர்த்து வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அறிக்கைக்கு அவை உண்டு. அறிக்கை எழுதப் போகிறவரின் பெயருக்கு அவை இல்லை.

தலைவராக வருகிறவர் தன் ஆளுமையாலும் தன்னலமற்ற தொண்டாலும் பட்டியல் சாதி மக்களின் நம்பிக்கையைப் பெற்றவராக இருக்க வேண்டும் என்று 2004 விதிகள் சொல்கின்றன. வாசிக்க அழகாக இருக்கிறது. அந்த நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று அந்த மக்களிடம் எப்போது கேட்டார்கள்? எங்கே கேட்டார்கள்?

1993 மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஆள் எடுக்கும் குழுவில் இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்களும் உண்டு. மாநில ஆணையம் என்றால் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர் உண்டு. பொதுவான 'மனிதனுக்கு' எதிர்க்கட்சியின் ஒரு குரலாவது உண்டு. சேரி மனிதனின் ஆணையத்துக்கு அதுவும் கட்டாயமில்லை.

எதிர்க்கட்சித் தலைவர் உள்ளே இருந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. 2021ல் மனித உரிமை ஆணையத்துக்குத் தலித், பழங்குடி, சிறுபான்மையினரிலிருந்து ஒருவரை எடுங்கள் என்று மல்லிகார்ஜுன கார்கே கேட்டார். ஏற்கவில்லை, அவர் மறுப்புத் தெரிவித்தார். 2024ல் அவரும் ராகுல் காந்தியும் மறுப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். நியமனம் நடந்தது. பெரும்பான்மை உள்ள மூடிய அறையில் மறுப்பு என்பது கோப்பில் கிடக்கும் ஒரு காகிதம், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2016 ஜனவரியில் அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு 11 உறுப்பினர்களை நியமித்தார்கள். அதே டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. 2023ல் அதே தேர்வாணையத் தலைவர் பதவிக்கு அரசு அனுப்பிய பெயரை ஆளுநர் ரவி திருப்பி அனுப்பினார். ஒருமுறை நீதிமன்றம் கேட்டது, ஒருமுறை ஆளுநர் மாளிகை கேட்டது. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய 234 பேர் உட்காரும் அவை மட்டும் கேட்கவில்லை. அதற்குக் கேட்கும் அதிகாரமே கிடையாது. நம் பிள்ளைகள் ராப்பகலாகப் படித்து எழுதுகிற குரூப் 4 தேர்வு இந்த ஆணையத்தின் கையில்தான் இருக்கிறது.

கீழே இறங்க இறங்க நிலைமை இன்னும் மோசம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995ன்படி மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் விழிப்புக்குழு இருக்க வேண்டும். அதில் அரசு சாராத உறுப்பினர்களும் உண்டு. ஒரு மாவட்டத்தில் அப்படி ஓர் உறுப்பினரின் பெயரை நாங்கள் அறிந்துகொண்டதே, வழக்கில் சமரசம் பேச அவர் ஊருக்குள் வந்தபோதுதான். அந்தத் தெருவில் ஒரு பெரியம்மா சொன்னது எனக்கு மறக்கவில்லை: "நம்மாளுதான் தம்பி, இல்லேங்கல. ஆனா யாரோட ஆளு? அதச் சொல்லு மொதல்ல." அரசியல் நிர்ணய சபை இரண்டு நாள் விவாதித்த விசயத்தை அந்தம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

*

அப்படியானால் அமெரிக்கா மாதிரி அவையே கேள்வி கேட்டால் சரியாகிவிடுமா? அங்கே கறுப்பின மக்களின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். பள்ளிகளில் நிறவெறிப் பிரிவினையை 1954ல் வழக்காடி உடைத்தவர் தர்குட் மார்ஷல். 1961ல் கென்னடி அவரை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர் மிசிசிப்பி மாநிலத்து ஈஸ்ட்லண்ட், பச்சையான பிரிவினைவாதி. ஒப்புதல் கிடைக்க ஏறக்குறைய ஒரு வருசம் ஆனது. 1967ல் உச்ச நீதிமன்றத்துக்குப் பெயர் வந்தபோது ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டர் சட்ட வரலாற்றின் மூலைமுடுக்கிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட கேள்விகளை அவர்மேல் எறிந்தார். வாத்தியார் வேண்டாத பையனைப் பெயிலாக்கக் கேட்பாரே, அந்த மாதிரி. கடைசியில் 69க்கு 11 என்று மார்ஷல் ஜெயித்தார்.

ஆகவே அவையின் விசாரணையும் இன்னொரு உத்திரமேரூர் ஆகலாம். நிலமும் வேதமும் கேட்ட இடத்தில் 'திறமை'யும் 'நடுநிலை'யும் கேட்பார்கள். நமக்காகக் குரல் கொடுத்தவனைச் சாதி அரசியல் செய்கிறவன் என்பார்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தனித்தொகுதி உறுப்பினர்கள் 44 பட்டியல் சாதியினரும் 2 பழங்குடியினரும்தான். அவர்களும் கட்சிக் கொறடாவின் கைக்குள். 1932 பூனா ஒப்பந்தம் போட்ட முடிச்சு அது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தர்மண்ட் கேட்ட கேள்விகள் எல்லாம் அச்சில் இருக்கின்றன. யார் யாரைப் பார்த்துப் பயந்தார்கள் என்பதை உலகமே படிக்கலாம். நம்மூரில் யாரை ஏன் எடுத்தார்கள், யாரை ஏன் தள்ளினார்கள் என்பது கோப்புக்குள் புதைகிறது. திறந்த அவையில் அநீதி நடந்தாலும் அதற்குச் சாட்சி உண்டு, மூடிய அறையில் நியாயம் நடந்தாலும் சாட்சி கிடையாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஆளுநர் நியமிக்கும் வாரிய, ஆணைய உறுப்பினர்களை மாநில செனட் விசாரிக்கிறது. சிஸ்கோ நிறுவனத்தின் மீது 2020ல் சாதிப் பாகுபாடு வழக்குப் போட்டது கலிபோர்னியா அரசுத் துறை ஒன்று. அதன் இயக்குநரையும் அந்த மாநில செனட் உறுதி செய்தாக வேண்டும்.

*

நாம் என்ன கேட்கலாம்? 2021ல் தமிழ்நாடு தன் சொந்தச் சட்டத்தால் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையத்தை அமைத்தது. அதைத் திருத்த டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, கோட்டையிலேயே முடியும். நியமனத்துக்கு முன் பெயரையும் அவர் செய்த வேலையையும் வெளியிடட்டும். மக்களும் இயக்கங்களும் எழுதிக் கொடுக்க அவகாசம் தரட்டும். தனித்தொகுதி உறுப்பினர்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு பேரவைக் குழு அந்த ஆளைத் திறந்த அரங்கில் கூப்பிட்டுக் கேட்கட்டும். கொறடா உத்தரவு அங்கே செல்லாது என்று எழுதட்டும். கேள்வியும் பதிலும் அச்சாகட்டும். குழு வேண்டாம் என்று சொன்ன ஆளை அரசு நியமித்தால், காரணத்தை அவையில் எழுத்தில் வைக்கட்டும். நாடாளுமன்றத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினர் நலனுக்கென்று 30 பேர் கொண்ட குழு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தேசிய ஆணையங்களின் பெயர்களை அந்தக் குழு முன் வைக்கும் மரபைத் தொடங்க எந்தத் திருத்தமும் தேவையில்லை. மனசு வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய கேள்விகளும் கஷ்டமானவை அல்ல. எத்தனை வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்றீர்கள்? உங்களை நியமித்த அரசின் காவல்துறையே குற்றவாளியாக நின்றால் சம்மன் அனுப்புவீர்களா? முன்பு வகித்த பொறுப்புக்குக் கணக்குக் காட்டிவிட்டீர்களா? கடைசிக் கேள்வி உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ளதுதான். இந்த முறை அதைக் கேட்கப் போகிறவர்கள் நாம்.