கோடெக்

கோடர், டிகோடர் என்ற இரு சொற்களின் முன்பாதிகள் ஒட்டிப் பிறந்தது கோடெக். இதற்குச் ‘சுருக்கி’ என்று மட்டும் பொருள் சொல்வது பாதி உண்மைதான். சுருக்காமல் முடியாது, சரி: 1920×1080 அளவில் நொடிக்கு 24 படங்களாக ஓடும் காட்சியை அப்படியே பதிந்தால் 25 ஜிபி புளூ-ரே வட்டு 6 நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். ஆனால் எச்.264 என்ற கோடெக் தரநிலை எப்படிச் சுருக்குவது என்று விதிப்பதில்லை. சுருக்கியதை எப்படி விரிப்பது என்றே வரையறுக்கிறது. அதனால்தான் ஒரே படத்தை ஒரே பிட்ரேட்டில் இருவர் சுருக்கினாலும், ஒன்று தெளிவாகவும் மற்றது இருட்டுக் காட்சிகளில் கட்டம்கட்டமாகவும் தெரியலாம்; இரண்டுமே விதிப்படி சரி. கோப்பு வகைதானே கோடெக் என்பார்கள். அல்ல. புளூ-ரேயின் எம்2டிஎஸ் கோப்பு வெறும் உறை. உள்ளே எம்பெக்-2, விசி-1, எச்.264 ஆகிய கோடெக்குகளில் எதுவும் இருக்கலாம். விரிக்கும் பாதியை மறந்து, நொடிக்கு 40 மெகாபிட் என்ற புளூ-ரேயின் காட்சி வரம்பைத் தாண்டினால், கணினியில் ஓடும் படம் வீட்டுப் பிளேயரில் திக்கி நிற்கக்கூடும்.