குண்டசாலையும் புலமைப்பரிசிலும்

கண்டிக்குக் கிழக்கே மகாவலியை ஒட்டிக் கிடக்கும் குண்டசாலை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நரேந்திரசிங்க மன்னன் மாளிகை கட்டி வாழ்ந்த ஊர். ஆங்கிலேயர் காலத்தில் அதைச் சூழ்ந்த தும்பறைப் பள்ளத்தாக்கு கொக்கோத் தோட்டங்களுக்குப் பேர்போனது. அந்தப் பள்ளத்தாக்கில் கிராமத்துப் பிள்ளைக்கும் தோட்ட லயத்துப் பிள்ளைக்கும் பத்து வயதில் விதி பிரிந்தது. அதற்குக் காரணம் பிள்ளைகளின் அறிவு அல்ல, சட்டம். இலங்கையின் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி இன்று வாதிடுவோர் பலரும் இந்த வரலாற்றை மறந்தே பேசுகிறார்கள்.

1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா, முதலில் பள்ளிக்கூடத்தைத்தான் நினைத்தார். பரீட்சை அதற்குப் பின்னால் வந்தது. நல்ல இடைநிலைக் கல்வி அப்போது கண்டி போன்ற நகரங்களில், கட்டணம் செலுத்தக்கூடியவர்களின் கையில் இருந்தது. அதை உடைக்கவே நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. அவற்றின் எண்ணிக்கை 54 வரை உயர்ந்தது. ஐந்தாம் வகுப்பில் திறமை காட்டிய ஏழைப் பிள்ளையைத் தெரிந்தெடுத்து, விடுதியில் தங்கவைத்து, சாப்பாடும் போட்டுப் படிப்பித்தார்கள். பிள்ளையை இனங்காண்பதும் தாங்குவதும் அங்கே ஒரே வேலையாக இருந்தன. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி தொடங்கிய இலவசக் கல்வியின் உயிர்நாடி இதுதான் என்பேன்.

தோட்டத்தில் நடந்தது வேறு. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. கிராமத்துப் பிள்ளை தெரிவாகும் அதே வயதில் தோட்டத்துப் பிள்ளையின் படிப்பு முடிந்து, கொழுந்துக் கூடையோ கொக்கோ மூட்டையோ தோளில் ஏறியது. இலவசக் கல்வி வந்த பிறகும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். திறமையிருந்தால் எவரும் மேலே வரலாம் என்பார்கள். கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, 1931இல் தொழில் அமைச்சரான பெரி சுந்தரத்தைச் சான்றாகவும் காட்டுவார்கள். அவருடைய அறிவில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருக்குக் கல்லூரியின் கதவு திறந்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு முடிந்த பாடசாலையில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் அறிவை அளந்து பார்க்கவும் ஒருவரும் வரவில்லை.

பத்து வயதுப் பிள்ளையைப் பிழிந்தெடுக்கும் இந்தப் பரீட்சையையே ஒழித்துவிட வேண்டும் என்ற குரலில் நியாயம் உண்டு. பிரத்தியேக வகுப்புகளும், நகரத்துப் பிரபல பாடசாலை இடத்துக்கான போட்டியும் அதன் முதல் நோக்கத்தை மூடிவிட்டன. ஆனால் பரீட்சையை எடுத்துவிட்டால் நகரத்து இடங்கள் வசிப்பிடமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கே போய்ச் சேரும். குறை, தெரிந்தெடுத்த பிள்ளையை அனுப்ப நல்ல பாடசாலையும் விடுதியும் அருகில் இல்லாததில் இருக்கிறது. மலையகத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் கிடைப்பது இன்றும் அரிது. குண்டசாலைத் தோட்டமொன்றில் வெட்டுப்புள்ளியைத் தாண்டும் பிள்ளைக்குச் சிறு உதவிப்பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு நிற்பது போதாது. கன்னங்கரா கிராமத்துக்குக் கொடுத்த விடுதியையும் ஆசிரியரையும் அந்தப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டிய கடன் அரசுக்கு இன்னும் இருக்கிறது.