குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர் பயிற்சி (காஞ்சிபுரம்)

குழந்தைகள் மீதான வன்முறையைக் கையாளும் காவலர், மருத்துவர், ஆசிரியர், குழந்தைகள் நலக்குழு உறுப்பினர் ஆகியோருக்கான பயிற்சி. காஞ்சிபுரத்தில் இப்பயிற்சியின் தேவை பட்டுத் தறியோடு பிணைந்தது. கரையைத் தனி நாடாவால் நெய்து உடலோடு இணைக்கும் கோர்வைப் புடவையில், அந்த நாடாவை வீச நெசவாளருக்கு இன்னொரு கை வேண்டும். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அந்த இன்னொரு கை குழந்தையின் கையாக இருந்த வீடுகள் பல. பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் குறித்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் மனித உரிமை அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கையில் இந்நகரமும் இடம்பெற்றது.

உழைப்புச் சுரண்டலோடு பாலியல் வன்முறையையும் இப்பயிற்சி கையாள்கிறது; அதற்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமே அடிப்படை. குற்றத்தை அறிந்தவர் எவரும் தெரிவித்தாக வேண்டும் (பிரிவு 19). குழந்தையின் வாக்குமூலம் பதியும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது; குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரியே பதிய வேண்டும் (பிரிவு 24). காவலர் உள்ளிட்டோருக்கு அவ்வப்போது பயிற்சி தருவது அரசின் கடமை (பிரிவு 43). சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்துவிடலாம். விடையை வாயில் திணிக்காமல் கேட்பதும், குழந்தை சொன்ன சொல்லையே எழுதுவதும், ஒரே கொடுமையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதிருப்பதுமே கடினம். பயிற்சி நேரத்தில் பெரும்பங்கு இதற்கே உரியது. சென்னையின் துளிர் அமைப்பு குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுக்கும் பணியில் நெடுங்காலமாக இயங்குகிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. புகார் பெற்ற காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.